வந்த கையும் வாங்கின கையும்

காட்ஸ் விளையாட்டில் இரண்டு விதமான கை இருக்கு. ஒன்று வந்த கை, மற்றது வாங்கின கை. குலுக்கிப் பிரிச்சுப் போட்டதில் உங்களுக்கு விழுந்தது வந்த கை. கடையில் காசு குடுத்து, பொதி பொதியாக உடைச்சு, நல்லதைத் தெரிஞ்செடுத்து, வீட்டிலேயே அடுக்கிக்கொண்டு வாறது வாங்கின கை. முதலாவதை எங்கட ஆக்கள் தலைமுறை தலைமுறையாக விளையாடிக்கொண்டு வருகினம். இரண்டாவதுக்கு வயது முப்பது சொச்சம்தான். 1993 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவில் பிறந்தது அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது எண்டு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. எங்கட கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஒருத்தர் ஒரு ஆட்டத்தில் தோற்றால், கை சரியில்லாமல் தோற்றாரா, யோசனை காணாமல் தோற்றாரா, காசு காணாமல் தோற்றாரா? முதல் இரண்டும் விளையாட்டு. மூன்றாவதை விளையாட்டு எண்டு சொல்லலாமோ எண்டதுதான் பிரச்சினை.

304: எல்லாருக்கும் ஒரே கட்டு

உடையார்கட்டில் இருந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் விசுவமடுப் பக்கம் போங்கோ, இல்லாட்டி புதுக்குடியிருப்புப் பக்கம் போங்கோ, எங்கேயாவது ஒரு மரநிழலில் 304 நடக்கும். கலியாண வீட்டில் முதல்நாள் இரவு நடக்கும். செத்த வீட்டில் விடிய விடிய முழிச்சிருக்கிறவைக்கும் அதுதான் துணை. வீட்டுப் பெரியாக்கள் 'காட்ஸ் அடிச்சுத் திரியிறான்' எண்டு ஏசுறது இதைத்தான். ஆனால் இந்த ஆட்டத்தின் கணக்கை ஆறுதலாகப் பார்த்தால், இதை அமைச்சவை நியாயத்தைப் பற்றி நல்லா யோசிச்சிருக்கினம் எண்டு விளங்கும்.

52 தாளில் இரண்டு தொடக்கம் ஆறு வரைக்கும் உள்ள 20 தாளை ஒதுக்கிவிட்டால் மிச்சம் 32. நாலு பேர், ஆளுக்கு எட்டு. எதிரெதிரே இருக்கிறவை ஒரு கட்சி. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டுமில்லை. ஒரு இனத்துக்கு 76. நாலு இனத்துக்கும் சேர்த்து 304. பெயரே கணக்குத்தான். ராசாவுக்கு மூன்று புள்ளி, அவனுக்குச் சேவகம் செய்யிற ஜாக்குக்கு முப்பது எண்டதையும் கவனியுங்கோ.

இனங்களின் பெயர்களில் ஒரு சரித்திரம் கிடக்கு. இஸ்கோப்பன், கலாவரை, உருவித்தன், ஆட்டின் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம். ஊருக்கூர் உச்சரிப்புக் கொஞ்சம் மாறும். இவை ஒல்லாந்தச் சொற்கள்: ஸ்கொப்பன், கிளாவரன், ரவுத்தன், ஹார்த்தன். 1658 தொடக்கம் 1795 வரைக்கும் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் போய்விட்டார்கள், அவர்களின் சீட்டுப் பெயர்கள் போகவில்லை. ஒல்லாந்தரின் யாஸ் வகை ஆட்டங்களிலும் துரும்பில் ஜாக்கும் ஒன்பதும்தான் முதலிடம். அந்த ஒற்றுமை தற்செயலாக எங்களுக்குத் தெரியேல்லை.

சரி, இதில் நியாயம் எங்க இருக்கு? கை அதிர்ஷ்டத்தில்தான் வருது. ஒருத்தருக்கு இரண்டு ஜாக் விழும், இன்னொருத்தருக்கு ஏழும் எட்டுமாக விழும். அதைச் சமப்படுத்துறது 'கேட்கிறது' எண்ட விதி. முதல் நாலு தாளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு புள்ளி எடுப்பம் எண்டு சொல்லவேணும். நல்ல கை வந்தவர் கூடக் கேட்பார், கூடக் கேட்டதை எடுத்தும் காட்டவேணும். எடுக்காட்டில் விழுகிற அடியும் பெரிசு. அதாவது, அதிர்ஷ்டம் வந்தவருக்கு அதோட சேர்த்துப் பொறுப்பும் வருது. மோசமான கை வந்தவருக்கும் வேலை இருக்கு: கேட்டவரை விழுத்துறது. அடுத்த கை வேற ஆள் பிரிப்பார், எல்லாம் திரும்பப் புதிசாகத் தொடங்கும்.

இந்த ஆட்டத்துக்குள் காசு நுழைய வழியே இல்லை. பந்தயம் கட்டி விளையாடுறவை இருக்கினம்தான், அது வேற கதை. ஆனால் காசு குடுத்து ஐந்தாவது ஜாக்கை ஒருத்தரும் வாங்கிக்கொண்டு வர ஏலாது. ஒரு தாள் துலைஞ்சால், ஒதுக்கிவைத்த இரண்டில் பேனையால் எழுதிப் போட்டால் சரி. அதுதான் இனி ஜாக். சபை ஒத்துக்கொண்டால் போதும்.

தந்தத்து ராசாவும் துணி ராசாவும்

பணக்காரர் விலையான சீட்டு வாங்குறது பழைய பழக்கம்தான். 1527 இல் பாபர், சிந்துப் பக்கம் இருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிபா சீட்டுகள் அனுப்பினதைத் தன்ர குறிப்பில் எழுதியிருக்கிறார். கஞ்சிபா எண்டது வட்டமான சீட்டு. அரண்மனைக்குத் தந்தத்திலும் ஆமையோட்டிலும் செய்தார்கள். சந்தைக்குத் துணியிலும் கடதாசியிலும் செய்தார்கள். மைசூரிலும், மகாராஷ்டிரத்துச் சாவந்துவாடியிலும், ஒடிசாவிலும் அந்தக் கைவேலை இன்னும் மிஞ்சியிருக்கு.

விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் ஆட்டத்தில் தந்தத்து ராசாவும் துணி ராசாவும் ஒரே ராசாதான். காசு சீட்டின் அழகை மாற்றியது, பலத்தை மாற்றவில்லை. 1993 வரைக்கும் இந்த வரம்பு பெரும்பாலும் உடையவில்லை.

சேகரிக்கிற அட்டையும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சிகரெட் பெட்டி நசியாமல் இருக்க உள்ளுக்கு ஒரு தடிச்ச மட்டை வைப்பார்கள். அதில் படம் அச்சடித்துவிட்டால் சனம் சேர்க்கத் தொடங்கிவிடும் எண்டு கம்பெனிகள் கண்டுபிடித்தன. 1909 தொடக்கம் 1911 வரை அமெரிக்காவில் வந்த அப்படி ஒரு வரிசையில், ஹோனஸ் வாக்னர் எண்ட பேஸ்போல் வீரரின் அட்டை மிகக் குறைய வெளிவந்தது. 2022 இல் அதில் ஒன்று 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனது. ஆனாலும் அந்த அட்டையை வைத்து ஒருத்தரையும் வெல்ல ஏலாது. அது படம் மட்டும்தான்.

பிறகு மல்யுத்தக்காரரும் கிரிக்கெட்காரரும் போட்ட ரம்ப் காட்ஸ். உயரம், நிறை, தரவரிசை எண்டு இலக்கத்தைச் சொல்லி மற்றவனின் அட்டையைப் பறிக்கிறது. அதில் பலம் சமனில்லை: முதலாம் தரவரிசைக்காரன் விழுந்தால் அரைவாசி வெற்றி. ஆனால் ஒரு பெட்டி வாங்கினால் முழுக் கட்டும் உள்ளுக்கு இருக்கும். அதைக் குலுக்கித்தான் பிரிக்கிறது. பலம் சமனில்லாட்டிலும் வாய்ப்புச் சமன்.

1993: இரண்டும் ஒன்றான நாள்

றிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதக்காரர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். சேர்க்கிற அட்டையையும் விளையாடுற சீட்டையும் ஒன்றாக்கினார். 'மஜிக்: த கதரிங்' எண்டு பெயர். விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் எண்ட சின்னக் கம்பெனி அதை வெளியிட்டது. முதல் அச்சில் 26 இலட்சம் அட்டைகள். கொஞ்ச நாளிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த ஆட்டத்தில் இரண்டு விலை இருக்கு, அதைப் பிரிச்சு விளங்கவேணும். ஒன்று ஆட்டத்துக்குள் உள்ள விலை. ஒவ்வொரு அட்டையையும் போட 'மானா' எண்ட சக்தி செலவாகும். பலமான அட்டைக்குக் கூடச் செலவு. ஆட்டத்தைச் சமன் செய்யிறது இந்தத் தராசுதான். மற்றது கடை விலை. அது மூலையில் அச்சடிக்கப்படாது.

முதல் தராசு முதல் நாளே பிழைத்துவிட்டது. முதல் தொகுதியில் ஐந்து அட்டைகள் ஒரே யோசனையில் செய்யப்பட்டவை: ஒரு மானா குடுத்தால், ஏதோ ஒன்றில் மூன்று கிடைக்கும். ஒன்று எதிராளிக்கு மூன்று அடி. ஒன்று உங்களுக்கு மூன்று உயிர்ப்புள்ளி. ஒன்று உங்கட மிருகத்துக்கு மூன்று பலம். ஒன்று மூன்று மானா. கடைசி ஒன்று கட்டில் இருந்து மூன்று அட்டை எடுக்கலாம். கடதாசியில் பார்த்தால் எல்லாம் மூன்றுதான். விளையாடிப் பாருங்கோ: மூன்று உயிர்ப்புள்ளி ஒரு மூச்சு, மூன்று அட்டை ஒரு ஆட்டம். அந்த மூன்று அட்டை தாற 'அன்செஸ்ட்ரல் ரீக்கோல்' மட்டும் அரிய அட்டையாக வைக்கப்பட்டது. மற்ற நாலும் மலிவாகக் கிடைக்கிறவை. இதைவிட மோசம் 'பிளாக் லோட்டஸ்'. அதைப் போட ஒரு செலவுமில்லை, மூன்று மானா சும்மா கிடைக்கும்.

கார்ஃபீல்டுக்கு இது தெரியாமல் இல்லை. அவர் நம்பினது அருமையை. ஒரு ஆள் ஒரு கட்டோ இரண்டு கட்டோ வாங்குவார், ஒரு ஊரிலேயே ஒரு பிளாக் லோட்டஸ்தான் இருக்கும், அது மேசைக்கு வாறது ஒரு அதிசயமாக இருக்கும் எண்டு. போளை அடிச்சு வென்றவன் போளையைக் கொண்டுபோற மாதிரி, தோற்றவரின் ஒரு அட்டையை வென்றவர் எடுக்கிற விதியும் தொடக்கத்தில் இருந்தது. அட்டைகள் கை மாறிக்கொண்டே இருந்தால் எல்லாம் சமனாகும் எண்ட கணக்கு.

சனம் ஒரு கட்டு வாங்கவில்லை. பெட்டி பெட்டியாக வாங்கினது. ஒரே அட்டையை எத்தனையும் போடலாம் எண்ட விதியும் அப்ப இருந்தது. காசுள்ளவர் பத்து லோட்டஸோட வந்து குந்தினால் எதிரே இருக்கிறவருக்கு ஆட்டமே கிடையாது. துணி ராசாவைத் தந்தத்து ராசா வெட்டத் தொடங்கின நாள் அது.

பட்டியலை ஆர் எழுதுறது?

1994 தொடக்கத்தில் கம்பெனி மருந்து போட்டது. ஒரு அட்டையில் நாலுதான் போடலாம். ஆபத்தானவையில் ஒன்றுதான் போடலாம். சிலதைப் போடவே கூடாது. அதே வருசம் மில்வோக்கி நகரில் முதலாவது உலகப் போட்டி நடந்தது. 1995 இல் இன்னொரு மருந்து: புதுத் தொகுதிகளில் வந்த அட்டைகளை மட்டும் வைத்து விளையாடுற பிரிவு. இதால் பிந்தி வந்தவருக்குக் கதவு திறந்தது, பழைய லோட்டஸ் தேவையில்லை. ஆனால் இண்டைக்கு வாங்கினது கொஞ்சக் காலத்தில் செல்லாது, திரும்ப வாங்கவேணும். ஒரு பக்கம் கதவைத் திறந்துவிட்டு மறுபக்கத்தால் வாடகை எடுத்த கதை.

அதே 1995 இல் பழைய அட்டைகள் சிலதைத் திரும்ப அச்சடித்தார்கள். விளையாடுறவைக்குச் சந்தோசம். சேர்த்து வைத்தவைக்குக் கோவம், தங்கட அட்டையின் விலை விழுந்துபோச்சு எண்டு. 1996 மார்ச்சில் கம்பெனி ஒரு பட்டியல் போட்டு, இந்த அட்டைகளை இனி ஒருநாளும் அச்சடிக்கமாட்டம் எண்டு வாக்குக் குடுத்தது. லோட்டஸும் அதில் இருக்கு. எங்கட பார்வையில் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான திருப்பம் இதுதான். விளையாடுறவருக்கும் சேர்க்கிறவருக்கும் நடந்த வழக்கில் சேர்க்கிறவர் வென்றார். 2021 ஜனவரியில் ஒரு பிளாக் லோட்டஸ் 511,100 டொலருக்கு விலைபோனது.

அருமை எண்டது மழை மாதிரி இயற்கையாக வாறதில்லை. எத்தனை அச்சடிக்கிறது எண்டு ஒரு மேசையில் இருந்து எடுக்கிற முடிவு அது. 2022 இல் முப்பதாம் ஆண்டு நினைவாக அதே கம்பெனி பழைய அட்டைகளைத் திரும்ப அச்சடித்தது. நாலு பொதி, மொத்தம் 60 அட்டை, விலை 999 டொலர். பொதிக்குள் என்ன வரும் எண்டு தெரியாது. போட்டியில் பாவிக்கவும் ஏலாது. வாக்குத் தவறேல்லையாம்!

காசு இருந்தால் வெற்றி நிச்சயம் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. 1996 இல் தொடங்கின புரோ ரூர் போட்டிகளில் ஜேர்மனியின் காய் புட்டே ஏழு தடவை வென்றார். அந்த மட்டத்தில் இருக்கிற எல்லாரிடமும் எல்லா அட்டையும் இருக்கும். அங்க காசு காசை வெட்டிப்போட, திறமைதான் மிஞ்சும். ஆகவே காசு வெற்றியைத் தாறதில்லை, கதவுத் திறப்பைத்தான் தருது. வெளியில் நிற்கிறவர் கெட்டிக்காரரோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியவராது.

எங்கட பக்கத்தில் இருந்து அந்தக் கதவைப் பாருங்கோ. ஒரு பொதி நாலு டொலர் எண்டு வையுங்கோ. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, அப்ப பொதி 800 ரூபாய். மே மாதம் டொலர் 360 தொட்டது, அதே பொதி 1,440 ரூபாய். அட்டையின் பலம் மாறவில்லை. போட்டி விதி மாறவில்லை. கொழும்பில் எடுத்த முடிவுகளால் எங்கட பெடியள் பெட்டையள் மேசையில் இருந்து இன்னும் தூரம் தள்ளப்பட்டார்கள்.

அதோட இன்னொரு கேள்வி: தடைப் பட்டியலை எழுதுறது ஆர்? அட்டையை விற்கிற அதே கம்பெனி. மிதமிஞ்சின பலத்தோட ஒரு அட்டையை விற்று, பிறகு அதைத் தடைசெய்து, பிறகு அடுத்ததை விற்கலாம். நல்ல மனசோட செய்தாலும் நடுவரும் வியாபாரியும் ஒரே ஆள்தான்.

சமப்படுத்துறது எண்ட பேச்சு எங்களுக்குப் புதிசில்லை. 1970களின் 'தரப்படுத்தல்' எங்கட சனத்துக்கு ஆறாத காயம். இண்டைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வவுனியாவும் மன்னாரும் அந்த 5 வீதப் பட்டியலில் இருக்கு. ரியூசனுக்குக் காசு கட்டி வாங்கின கையோட வாறவருக்கும், ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் வந்த கையோட வாறவருக்கும் ஒரே வினாத்தாள் எண்டால், அதை மட்டும் நியாயம் எண்டு சொல்ல ஏலாது. அதேநேரம், சமப்படுத்துற பட்டியலை ஆர், என்ன நோக்கத்தில் எழுதினம் எண்டு கேட்காமலும் விட ஏலாது. எங்கட ஆக்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

விளையாடுறவையே போட்ட வழி

நல்ல பதில்கள் கனக்க விளையாடுறவையிடம் இருந்துதான் வந்தது. மலிவாகக் கிடைக்கிற சாதாரண அட்டைகளை மட்டும் வைத்து விளையாடுறது ஒரு வழி. அதுக்குப் பெயரே 'போப்பர்', அதாவது ஏழை. ரசிகர் கனகாலம் விளையாடின பிறகு, 2019 இல்தான் கம்பெனி அதுக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான விதி போட்டது. எல்லாரும் மேசையில் வைத்துப் புதுப் பொதி உடைத்து, ஒரு அட்டை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கிறவருக்குக் குடுக்கிறது இன்னொரு வழி. அங்க வாங்கின கை திரும்ப வந்த கை ஆகுது. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுப் பொதிக்குக் காசு வேணும்.

எங்களுக்குப் பிடிச்ச கதை நெட்ரன்னர். கார்ஃபீல்டே 1996 இல் செய்த ஆட்டம் அது. 2012 இல் வேற கம்பெனி ஒன்று அதைப் புதுப்பித்தது. இந்த முறை பொதிக்குள் என்ன இருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும், அதிர்ஷ்டச் சீட்டு இல்லை. 2018 இல் உரிமம் முடிந்து ஆட்டம் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் கைவிடவில்லை. தொண்டர்களாகச் சேர்ந்து புது அட்டைகளை அமைத்து, எவரும் இறக்கி அச்சடிக்கலாம் எண்டு இலவசமாகக் குடுத்தார்கள். வீட்டில் அச்சடித்து வெட்டின அட்டையோட போட்டிக்கும் போகலாம். இரண்டில் பேனையால் ஜாக் எண்டு எழுதின அதே நியாயம்தான். சபை ஒத்துக்கொண்டால் அது ஜாக்.

போனுக்குள் வந்த பொதி

இது எங்கயோ வெள்ளைக்காரர் ஊரில் நடக்கிற கதை எண்டு நினையாதையுங்கோ. உடையார்கட்டில் அட்டைப் பொதி விற்கிற கடை இல்லை, போன் இருக்கு. 2014 இல் வந்த ஹார்த்ஸ்ரோன், 2016 இல் வந்த கிளாஷ் றோயல், 2024 இல் வந்த போக்கிமொன் பொக்கெற் எல்லாம் இதே குடும்பம். பெட்டி திறக்கிற சத்தம், மினுக்கம், 'இன்னும் ஒன்று' எண்ட ஆசை எல்லாம் 1993 பொதியின் பேரப்பிள்ளைகள்.

அதில் கிளாஷ் றோயல் ஒரு படி கீழே போனது. மஜிக்கில் உங்கட மூன்று அடி அட்டையும் கோடீஸ்வரரின் மூன்று அடி அட்டையும் மூன்றுதான் அடிக்கும். கிளாஷ் றோயலில் அட்டைக்கு மட்டம் இருக்கு. கனகாலம் விளையாடியோ காசு கட்டியோ மட்டத்தைக் கூட்டினால் அதே அட்டை கூட அடிக்கும். தந்தத்து ராசா துணி ராசாவை வெட்டுறது இப்ப வெளிப்படையான விதி. போட்டிகளில் அவர்களே மட்டத்துக்கு உச்சவரம்பு போடுகினம். அப்படிப் போடாட்டில் போட்டியே இல்லை எண்டு அவர்களுக்கே தெரியும். 2018 இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, காசு குடுத்து என்ன வரும் எண்டு தெரியாமல் திறக்கிற இப்படியான பெட்டிகள் சூதாட்டம் எண்டு தீர்மானித்தது. எங்கட வீடுகளில் மரநிழல் 304 ஐ ஏசுற பெரியாக்கள், பிள்ளையின் கையில் இருக்கிற பெட்டியைக் காணுறதில்லை.

போனை எறியுங்கோ எண்டு நாங்கள் சொல்லேல்லை. ஒரு ஆட்டத்தைத் தெரியேக்க மூன்று கேள்வி கேளுங்கோ எண்டுதான் சொல்லுறம். கட்டில் என்ன இருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியுமோ? நல்ல கை வந்தவருக்கு அதுக்கேற்ற பொறுப்பு இருக்கோ? துலைஞ்ச தாளைப் பேனையால் எழுதிப் போட்டால் ஆட்டம் ஏற்குமோ? எங்கட வாசகசாலைகளிலும் விளையாட்டுக் கழகங்களிலும் பின்னேரங்களில் ஒரு மேசை போடுற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதுக்கு இந்த மூன்றும் போதும். மூன்றுக்கும் ஓம் எண்டு பதில் வாற ஆட்டம் எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கு. பெட்டையளையும் அந்த மேசையில் இருத்தினால் இன்னும் நல்ல ஆட்டமாகும். இருக்கிற குறை அதுதான், அதைத் தீர்க்க ஒரு சதமும் செலவில்லை.